விருந்தன்று அடைத்து வைத்த அறை

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் யாருக்கும் தோளுக்குக் கீழே உடம்பு கிடையாது. கொரோனாக் காலத்தில் சேர்ந்தவள் நான். பூதப்பாண்டியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். சக ஊழியர்கள் எல்லோரும் லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் முகங்கள். ஒருவழியாக எல்லோரும் நேரில் சந்திக்கலாம் என்று ரிட்ரீட் வைத்தார்கள். அதுவும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கன்னியாகுமரியில், கடலைப் பார்த்த ஹோட்டலில்.

எனக்கு ஹோட்டலும் கடலும் பொருட்டில்லை. இனிமேல் எல்லோரும் பெங்களூரு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. சிலரை மட்டும் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவார்களாம். அந்தச் சிலர் யார் என்பது எங்கள் மேலாளர் மேலே என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்த அனுமதி எனக்கு வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருப்பது அம்மாவும் நானும்தான்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். ஆனால் இந்தக் கம்பெனியில் லீவு கேட்கிற எல்லோருடைய அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. ஏதாவது தேவையென்றால் அப்பா எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். மீட்டிங் நடுவே தட்டினால், மைக்கை அணைத்துவிட்டுத்தான் கீழே ஓடுவேன். அதில் எனக்கு அப்படி ஒரு கை வேகம். அந்தச் சத்தத்தை ஒருவரும் கேட்டதில்லை.

ஹோட்டலில் முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. மேலாளரின் குரலை வைத்து அவருக்கு நல்ல உயரம் கொடுத்திருந்தேன். ஆள் என் காதளவுதான் இருந்தார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால், இருவரும் "நீங்க சொல்லுங்க" என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். ஒருவர் ரசம் கேட்கக் கையைத் தூக்கினார். மீட்டிங் நடக்கும்போதெல்லாம் என்னோடு திருட்டுத்தனமாக அரட்டை அடிக்கும் கோயம்புத்தூர்ப் பெண் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நேரில் பேச எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மேஜைக்கு அடியில் போனை எடுத்து எனக்கு மெசேஜ் அனுப்பினாள். அப்புறம்தான் இருவருக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் மத்தியானம் எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மேலாளர் அப்பாவைக் கண்ணால் பார்க்கட்டும், அப்புறம் நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கணக்கு. அம்மாவிடமும் சொன்னேன்.

"சாப்பிட வாறவியளுக்க முன்னால சீக்கைக் காட்டுனா சோறு இறங்குமாட்டி? மொதல்ல வயிறு நெறைய உண்ணட்டும். பெறவு சொல்லிக்கிடலாம்" என்றாள் அம்மா.

அப்பாவைப் பார்த்தேன். நன்றாக இருந்த காலத்தில் சட்டை போடாமல் வாசலுக்குக்கூட வராத மனுஷர். இடது கையால் கதவைக் காட்டினார். "அட… மக்கா" என்றார். கதவை அடைத்தேன்.

அவியல், எரிசேரி, புளிசேரி, போளி, பால் பாயசம் என்று கல்யாண வீட்டுப் பந்தி போலவே இலை நிறைந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். பாயசம் விளம்பும்போது உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. என் கை தானாக இலை ஓரத்தில் மைக்கை அணைக்கும் பட்டனைத் தேடியது.

"பக்கத்து வீட்டுல ஆசாரி வேல நடக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா மேலாளர் இலையில் இன்னொரு போளியை வைத்தாள்.

சத்தம் இன்னும் இரண்டு முறை கேட்டது. பிறகு நின்றுவிட்டது. நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வேன் ஏறப்போன மேலாளரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். உள்ளே வந்து பாருங்கள் என்றேன்.

"ஓய்வெடுக்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றார் அவர். பிறகு, "உங்க அம்மா என்ன தெம்பு! தனியா இத்தனை பேருக்குச் சமைச்சிருக்காங்க. இவங்க இருக்கும்போது நீங்க பெங்களூரு வர்றதுக்கு யோசிக்கவே வேண்டாம்" என்றார். மனதாரச் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன்.

கதவைத் திறந்தேன். படுக்கை நனைந்திருந்தது. டம்ளர் தரையில் கிடந்தது. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மாவும் நானும் அவரைத் தூக்கித் துணி மாற்றினோம்.

"ரெண்டாமத்த போளியையும் வேண்டாம்னு சொல்லல்ல. நல்ல மனுஷன். உன்ன இங்கேயே விட்டிருவாரு, பாரு" என்றாள் அம்மா.

விடவில்லை. இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அலுவலகத்தில் அதே ஆட்கள், முழு உடம்போடு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவைத் தூக்கிவிட ஆள் ஏற்பாடு செய்திருப்பதாக அம்மா சொல்கிறாள். அந்த ஆள் எப்போது வருவார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். நேற்று அவள் பேசிக்கொண்டிருக்கும்போது போனில் டண் டண் என்று கேட்டது.

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல மக்கா. பக்கத்து வீட்டுல ஆசாரி வேல நடக்கு."