புதன்கிழமை பத்து மணி

முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவரைத் தெருவே 'மருந்தம்மா' என்றுதான் கூப்பிடும். வைரஸ் காய்ச்சல் வந்து போனபின் உடம்பு தேறியது, தலை தேறவில்லை. அலமாரியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பார். சொல் தொண்டைவரை வந்து திரும்பிப் போகும்.

மருத்துவமனையில் ஒரு கணினிப் பயிற்சி கொடுத்தார்கள். கட்டங்களில் படங்கள் மின்னி மறையும். எது எங்கே இருந்தது என்று தொட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் தினமும் அரை மணி. குணமாகும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் கடை முதலாளி, "ரிப்போர்ட்டைக் காட்டுங்கக்கா, நல்லா இருந்தா திங்கக்கிழமையே உங்க இடத்துல வந்து நில்லுங்க" என்று சொல்லியிருந்தார். அதற்காகவே மருந்தம்மா விடாமல் உட்கார்ந்தார்.

மூன்றாவது லெவலில் மூன்று வாரம் முக்கினார். "இந்த ஜென்மத்துல நாலு வராது போல" என்று அழுதார். ஓய்வுபெற்ற வரைபடக்காரரான கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எறும்பூரக் கல்லும் தேயும்மா" என்பார்.

ஒரு நாள் திறந்தால் ஐந்து என்று காட்டியது. எப்போது தாண்டினோம் என்று நினைவில்லை. நினைவில்லாததுதானே வியாதி? சந்தேகம் வரவில்லை. பாதிக்குப் பாதி தப்பாகவே தொட்டார். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"பன்னெண்டுக்கு வந்துட்டீங்கம்மா!" என்று பயிற்சியாளர் ரிப்போர்ட்டை நீட்டினார். மருந்து அட்டையில் முதலில் தேதியைப் பார்த்துப் பழகிய கண். லெவல் இரண்டு மூன்றாகத் தாவியதெல்லாம் புதன், பத்து மணி பத்து நிமிடம். நான்கு வாரமும் அதே நேரம். புதன் பத்து மணிக்கு மருந்தம்மா இதே கட்டடத்தில் மூச்சுப் பயிற்சிக் குழாயை ஊதிக்கொண்டிருப்பார். வாசலில் இறக்கிவிட்டுக் கணவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "என்னங்க, புதன்கிழமை யாரு விளையாண்டது?"

கணவர் செய்தித்தாளை இறக்கினார். "நீ அழுததைப் பாக்க முடியல. நின்னுபோன வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான்."

"தள்ளல. ஏறி உக்காந்து நீங்களே ஓட்டிட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தான்மா..."

கடையில் மருந்தை எடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். அவரவர் கையெழுத்தை அவரவர்தான் போட வேண்டும். பார்க்காமலே இன்னொருத்தியின் கையெழுத்தைப் போட்டதற்காகச் சொந்த அண்ணன் மகளையே மருந்தம்மா முதலாளியிடம் சொல்லி வேலையைவிட்டு அனுப்பவைத்தார். அன்று அவளுக்காகச் சிபாரிசுக்கு வந்ததும் இந்த மனிதர்தான். விதி தெரியாதவர் இல்லை.

"இந்த ரிப்போர்ட்டை நம்பிக் கடையில நின்னு, ரெண்டு மில்லிகிராமுக்குப் பதிலா நான் இருபதை எடுத்துக் குடுத்திருந்தா? சாப்பிட்டவங்க கதி என்ன?"

கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

ஆறாவது லெவலைத் தாண்டிய ஒரு மாலை மருந்தம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றும் கணவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அது ஒன்றாவது தன்னுடையதா? கேட்டால் "உன்னுதுதாம்மா" என்பார். அதை இனி எப்படி நம்புவது?

கடைக்குப் போன் போட்டார். "தம்பி, திங்கக்கிழமை நான் வரல. ரிப்போர்ட் என்னோடது இல்ல."

"அப்ப யாரோடதுக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கிற ஒருத்தரோடது."

மறுநாள் பயிற்சியாளர் கணக்கை அழித்து முதலிலிருந்து தொடங்கிக் கொடுத்தார். மாலையில் ஒன்றாவது லெவல். கணவர் வழக்கம்போல நாற்காலியை இழுத்து வந்து போட்டார்.

"அதை எடுத்துட்டுப் போங்க" என்றார் மருந்தம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போகும்போது கதவைச் சாத்துங்க."