அரைக் கட்டை இறங்கிய சாயங்காலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருஷங்கள். ராமநவமி உற்சவத்துக்காக மயிலாப்பூர் மாட வீதியில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்தப் பந்தலில் ஒரு சாயங்காலம் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். இப்போதெல்லாம் பாடகர் லேசாகக் கனைத்தால்கூட மைக் அதை நாலு தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அன்றைக்கு மைக் என்ற வஸ்துவை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. கடைசி வரிசையில் பானகம் குடித்துக்கொண்டு நிற்பவன் காதில் விழ வேண்டுமானால் பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

நான் பிடில்காரன். ஒரு பெரிய பாடகருக்கு வருஷக்கணக்காகப் பக்கவாத்தியம் வாசித்தேன். பேர் எதற்கு? அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் மனைவி எனக்கு மன்னி.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடுகிறாரோ அதுதான் அந்தப் பாடகரின் சுருதி. கட்டை ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். அண்ணாவுக்கு நாலரைக் கட்டை. ஆம்பிளைக் குரலுக்கு அது சாமானியமான காரியம் இல்லை. அந்த நாலரைக் கட்டைக்காகவே அவருக்கு ஊரில் பேர். மேல் ஸ்தாயியில் அவர் போய் நின்றால் தெப்பக்குளத்தின் அந்தக் கரையில் இருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பெருமை எங்களுக்கு, வலி அவருக்கு. அது அப்போது எங்கள் மரமண்டையில் ஏறவில்லை.

அந்த வருஷம் தை மாசம் ஒரு கல்யாணக் கச்சேரியில் அவர் குரல் பாதியில் நின்றுபோய்விட்டது. காற்று வந்தது, நாதம் வரவில்லை. எழும்பூரில் தொண்டை வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நெற்றியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே வீங்கியிருக்கிறது, பாட்டும் கூடாது, பேச்சும் கூடாது என்றார். குணமான பிறகும் பழையபடி உச்சத்தில் பாடினால் குரல் அடியோடு போய்விடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அண்ணாவைப் பார்த்துச் சொல்ல அவருக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது.

அண்ணா பேசாமல் இருப்பது என்பது சாதாரண விஷயமா? காப்பியில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினால் தெருக்கோடி வரை கேட்கும்படி ரகளை பண்ணுகிற மனுஷர். இப்போது ரகளையைக் கையால் பண்ண ஆரம்பித்தார். கை தட்டுவார், தொடையில் அடிப்பார், கதவைச் சாத்துவார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது. கூடத்தில் தம்பூராவை மடியில் சாய்த்துக்கொண்டு, தந்தியைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். சாப்பாடு பாதியாயிற்று. மன்னிதான் என்னிடம், "தெனம் சாயங்காலம் உங்க அண்ணாவை எங்கயாவது அழைச்சுண்டு போங்கோ. ஆத்துக்குள்ளயே இப்படி உக்காண்டிருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அப்படித்தான் சாந்தோம் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தோம். கச்சேரி ரோடு வழியாக நடந்து, மணலில் போய் உட்காருவோம். நான் ஊர் வம்பு பூராவும் சொல்வேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அங்கே கட்டுமரம் கரை சேரும் இடத்தில் ஒரு மீன்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருப்பாள். பல நாள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்.

"இன்னா சாமீ, தெனமும் நீதான் பேசிக்கினு கீற. அந்தச் சாமி ஒரு வார்த்த பேச மாட்டேன்றாரு. வாய் வராதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே உச்சுக் கொட்டினாள்.

"அய்ய, பாவம்! ராசா மாரி கீறாரு. மாதா கோயில்ல ஒரு மெழுவத்தி ஏத்து சாமி, பேச்சு வந்துரும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரே குரலுக்காகக் கொண்டாடுகிற மனுஷரை ஊமை என்று ஒருத்தி பரிதாபப்படுகிறாள்! அண்ணாவும் சிரித்தார். சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் மேல்வேஷ்டியால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. மறுநாள் கடற்கரைக்குத் திரும்பாமல் நேராக மாதா கோயில் பக்கம் நடந்தார். மூன்று வேளையும் சந்தியாவந்தனம் பண்ணுகிற ஆசாமி, அங்கே மெழுகுவத்தி வாங்கி ஏற்றிவிட்டு, மன்னியிடம் சொல்லிவிடாதே என்று எனக்குச் சைகை காட்டினார்.

மெழுகுவத்தியோ, டாக்டரின் மருந்தோ, பங்குனி பிறக்கும்போது குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. திரும்பிய குரலில் அவர் சொன்ன முதல் வார்த்தை, ராமநவமிக் கச்சேரிக்கு வருகிறேன் என்பதுதான். நாலு கட்டையில் பாடலாமே என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். முறைத்தார் பாருங்கள், அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டேன். சுருதியை இறக்கினால் குரல் போய்விட்டது என்று அர்த்தம். கச்சேரி முடிவதற்குள் நாலு மாட வீதியிலும் செய்தி பரவிவிடும். எங்கள் மயிலாப்பூரைப் பற்றி எனக்குத் தெரியாதா?

கச்சேரிக்கு முதல் நாள் மன்னி என்னைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தம்பூராவுக்கு நான்தானே சுருதி சேக்கறேன். நாளைக்கு அரைக் கட்டை கீழே சேத்துடப் போறேன். நீங்க பிடிலை அதுக்குச் சேத்துக்கோங்கோ. மிருதங்கக்காரர்கிட்டயும் சொல்லிடுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆர்மோனியம் இருக்கே மன்னி? கிளம்பறச்சே அதை வெச்சுச் சரிபார்த்தா?"

"அதோட துருத்தியை எலி கடிச்சுடுத்து. ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார் மன்னி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். ஆர்மோனியம் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஜமக்காளம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மிருதங்கக்காரர் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓய், அவர் காதை என்னன்னு நினைச்சீர்? கொசு பறந்தா அது என்ன சுருதின்னு சொல்ற காது. மேடையிலேயே எழுந்து நின்னு நம்ம மானத்தை வாங்கிடுவார்." கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "சரி, வாங்கிண்டு போகட்டும். குரல் இருந்தாத்தானே நம்மளைத் திட்டறதுக்காவது முடியும்?"

மறுநாள் பந்தல் நிரம்பி வழிந்தது. வெயில் தாழ்ந்தும் புழுக்கம் போகவில்லை, விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு வேர்த்ததற்குக் காரணம் புழுக்கம் மட்டும் இல்லை. முதல் வரிசையில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தார். மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் போட்ட புதுத் தெருவில் வீடு கட்டிக்கொண்டு போனவர், ஆனால் கச்சேரி என்றால் ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்துவிடுவார். வித்வான்கள் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி. சுருதி பார்க்க ஊதுகிற சின்னக் குழல் ஒன்றை எப்போதும் கோட்டுப் பையில் வைத்திருப்பார். அவரை நான் மறந்தே போயிருந்தேன்.

மன்னி சேர்த்துக் கொடுத்த தம்பூராவைச் சிஷ்யப் பையன் மீட்ட ஆரம்பித்தான். நான் பிடிலை அதற்குச் சேர்த்தேன். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டதாக எனக்குத் தோன்றியது. என் பயத்துக்கு எல்லாமே அதிக நேரமாகத்தான் தோன்றும். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் உருப்படியாக வர்ணத்தை எடுத்தார்.

என்ன சொல்வேன்! அவருக்குப் பக்கத்திலேயே பல வருஷம் உட்கார்ந்தவன், அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதல் தரமாகக் கேட்டேன் போலிருந்தது. மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைக்கவில்லை. முகம் கோணவில்லை. அவசரமில்லாமல் ஏறி, நின்று, நிதானமாக இறங்கினார். சத்தம் முன்னைப் போல அதிரடியாக இல்லைதான். பின்வரிசைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வில் மேல் ஒரு சொட்டு விழுந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் வக்கீலின் கை கோட்டுப் பைக்குள் போயிற்று.

ஆலாபனை நடுவில் குழலை எடுத்து, உதட்டில் வைத்து, யாருக்கும் கேட்காதபடி மெல்ல ஊதிப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். மறுபடி ஊதினார். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். நான் பிடில் மேல் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்தல் பூராவும் காட்டுத் தீயாகப் பரவிவிடும். மிருதங்கக்காரரும் பார்த்துவிட்டார், அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வக்கீல் மேடையையும் குழலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குழலைப் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட ஆரம்பித்தார். கச்சேரி முடிந்ததும் மேடைக்கு வந்தார்.

"ஓய், இன்னிக்குக் குரல்ல ஒரு தித்திப்பு இருந்தது. இனிமே இப்படியே பாடும்" என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அவரைப் பற்றி நான் அதுவரை பேசின பேச்சையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாக் கச்சேரியும் நாலு கட்டையில்தான். ஆர்மோனியம் ரிப்பேரிலேயே இருந்தது. டாக்டர் மறுபடி தொண்டையைப் பார்த்து, வீக்கம் வடிந்துவிட்டது என்றார். அண்ணாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று நாங்கள் மூன்று பேரும் உள்ளூர மெச்சிக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம். அடையாறு கடலில் போய்ச் சேரும் இடம் வரை நடந்து போயிருந்தோம். அண்ணா திடீரென்று கேட்டார்.

"ஏண்டா, எலி கடிச்ச ஆர்மோனியத்தைத் தைக்க எத்தனை மாசம் ஆகும்?"

நான் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கடகடவென்று சிரித்தார், இந்த முறை நல்ல சத்தத்தோடு.

"முதல் மீட்டுலேயே தெரிஞ்சுடுத்துடா. எனக்கா தெரியாது?"

"பின்னே ஏன் அண்ணா ஒண்ணும் சொல்லலே?"

அவர் ஆற்று மணலில் கொஞ்ச தூரம் நடந்தார். நானும் கூடவே போனேன்.

"என் வாயால முடியலேன்னு சொல்ல எனக்கு வரலே. அன்னிக்கு ஆத்தை விட்டுக் கிளம்பறச்சே, நாலரைக் கட்டையிலேயே பாடிடறது, குரல் போனா இன்னியோட போகட்டும்னு முடிவு பண்ணிண்டுதான் கிளம்பினேன். குரல் போனப்புறம் நான் இருந்து என்ன பண்ணப் போறேன்? நீ தெனம் என்னைச் சமுத்திரக் கரைக்கு அழைச்சுண்டு போனே பாரு, அப்பல்லாம் அதைத்தான் யோசிச்சுண்டிருப்பேன். சமுத்திரம் நம்ம ஆத்து வாசலுக்கு ரொம்பக் கிட்டக்க இருக்குடா."

நான் நின்றுவிட்டேன். அவர் என் தோளில் கை போட்டு நடக்க வைத்தார்.

"அப்புறம் மேடையில தம்பூராவைக் கேட்டேன். அரைக் கட்டை கீழே, சேத்தது உன் மன்னி. உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்க்காம பிடிலைப் பார்த்துண்டிருந்தே. மிருதங்கக்காரன் பந்தக்காலைப் பார்த்துண்டிருந்தான். மூணு பேர் எனக்காகத் திருட்டுத்தனம் பண்ணிட்டு உக்காண்டிருக்கான்னு புரிஞ்சுது. சரி, இருக்கலாம்னு தோணித்து."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ரொம்ப வருஷம் பாடினார். மைக் வந்த காலத்தில் சுருதி இன்னும் இறங்கி, குரல் இன்னும் இனிமையாகி, வயசாகி, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். மன்னியும் இப்போது இல்லை.

நான் ஒன்றை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவர் குரலில் ஒரு நூலிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது எனக்கு இருந்தது. அத்தனை சாயங்காலமும் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசினேன், அவர் காற்று வாங்கத்தான் கடலைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மன்னிக்கு அவர் மனசில் ஓடியது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த மேடையில் ஏறினாலும், கூட உட்காருகிறவர் நேற்றுத்தான் அறிமுகமான சின்னப் பையனாக இருந்தாலும், அவர் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நான் பிடிலுக்குச் சுருதி சேர்க்கிறேன்.