என் உள்ளங்கையும் ஒரு செய்முறைத் தேர்வும்

என் கைகள் எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவை என்பது என் மனைவியின் நெடுநாள் கருத்து. தேங்காய் உடைக்கச் சொல்லிவிட்டு, நான் அரிவாளைப் பிடிக்கிற அழகைப் பார்த்ததும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். அந்தக் கைகளை நம்பி ஒரு வகுப்பே பட்டம் வாங்கக் காத்திருந்தது என்று சொன்னால் அவள் இன்றைக்கும் நம்ப மாட்டாள்.

நான் கொல்லிமலையில் ஒரு கல்லூரியில் உளவியல் வாத்தியார். வீடும் மனைவியும் திருச்சியில். மலைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஆண்டு தவறாமல் திருச்சிக்கு மாறுதல் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் போல அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலைமேல் சந்தை கூடும் ஊரான சோளக்காட்டில் பையோடு பஸ்ஸுக்கு நின்றால், "ஆர்டர் வந்துருச்சுங்களா சார்?" என்று யாராவது கேட்காமல் போவதில்லை.

எங்கள் பாடத்தில் ஒரு செய்முறைப் பகுதி உண்டு. மனத்தில் நடப்பது உடம்பில் எப்படித் தெரிகிறது என்று அளப்பது. பயந்தாலோ, கூச்சப்பட்டாலோ, திடுக்கிட்டாலோ உள்ளங்கையிலும் விரல்களிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வியர்க்கும். வியர்த்த தோலில் மின்சாரம் கொஞ்சம் எளிதாக ஓடும். விரலில் கருவியை மாட்டியிருந்தால் கோடு மேலே ஏறும். இவ்வளவுதான் சங்கதி. நான் வந்தபோது அந்தக் கருவி ஒரு மரப்பெட்டிக்குள் நிரந்தர ஓய்வில் இருந்தது. முள் அசையாது. ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி உள்ளே வைப்போம்.

பிறகு பிள்ளைகள் எதைப் பார்த்துக் கோடு வரைந்தார்கள்? போன வருஷத்து அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்தார்கள். அவன் அதற்கு முந்தின வருஷத்து அக்காவின் நோட்டைப் பார்த்து வரைந்திருந்தான். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் உண்மையாகவே திடுக்கிட்டிருக்கிறார். அந்த ஒரு திடுக்கிடலை வைத்துக்கொண்டு எங்கள் துறை இத்தனை வருஷம் ஜீவனம் செய்திருந்தது. அந்தக் கோட்டில் பெரிய ஏற்றத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஏற்றமும் இருக்கும். பேனா வழுக்கியதோ, மை சிந்தியதோ தெரியாது. அதற்குக் கீழே யாரோ சமயோசிதமாக, "இங்கே சோதனைக்கு உட்பட்டவர் தும்மினார்" என்று எழுதிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லா நோட்டிலும், எல்லோரும், அதே இடத்தில் தும்மினார்கள். தேர்வு நடத்த வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல்களும் தும்மலுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கடைசியில் வேலை எனக்குத்தான் வந்து சேரும். மேலிடத்துக்கு எழுதினேன், நேரில் போனேன், கெஞ்சினேன். ஒருவழியாக டிஜிட்டல் கருவி வந்தது. சோப்பு டப்பா அளவுதான். அதிலிருந்து இரண்டு பட்டைகள் வரும். அவற்றை இரண்டு விரல்களில் சுற்றினால் கோடு கைப்பேசித் திரையில் ஓடும். ஓடிய கோடு தேதி, நேரத்தோடு பதிவாகும். பென்சிலுக்கு வேலையே இல்லை. "இனிமேல் இந்தக் கல்லூரியில் யாரும் தும்ம முடியாது!" என்று வகுப்பில் முழங்கினேன். அத்தோடு விட்டேனா? கடைசிப் பருவச் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவரும் எக்ஸ்டர்னலின் கண் முன்னால் ஒரு ஏற்றத்தையாவது வரவழைத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அரியர் என்று நானே எழுதிக் கொடுத்து, விதியையும் மாற்ற வைத்தேன்.

முதல் பயிற்சிக்குப் பைல் நாட்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நல்ல ஆகிருதி. விரலில் பட்டைகளைச் சுற்றி, பின்னால் நின்று பலூனை உடைத்தோம். கோடு ஏறாமல் இறங்காமல் நேராக ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. காட்டுப்பன்றி விரட்ட வெடி போடுகிறவன் பலூனுக்கா அசைவான் என்று நினைத்து, அவனை எழுந்து ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன். முகம் சிவந்தது, காது சிவந்தது, குரல் நடுங்கியது. கோடு மட்டும் அசையவில்லை. அடுத்தவன் உட்கார்ந்தான். அதே கோடு. பெண்களை உட்கார வைத்தேன். அதே கோடு.

கருவி விற்றவர்களுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரு இளைஞர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஆள் உயிரோடதான் இருக்காரா சார்?" என்றார்.

கோபத்தில் பட்டைகளை என் விரலில் சுற்றிக்கொண்டேன். சுற்றிய மாத்திரத்தில் கோடு குபுக்கென்று மேலே போனது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். குண்டனி நாட்டுப் பெண் ஒருத்தி, வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான், என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார் கை வெண்ணெயாட்டமா இருக்குதுங்க" என்றாள். அப்போதுதான் அவர்கள் கைகளைப் பார்த்தேன். மூன்று வருஷமாகப் பாடம் நடத்தியும் பார்க்காத கைகள். மம்பட்டி பிடித்து, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்கி, மிளகு பறிக்க மரம் ஏறிக் காய்த்துப்போன கைகள். அந்தக் காய்ப்பைத் தாண்டி எந்த வியர்வையும் கருவியின் கண்ணில் படாது. போதாததற்கு மலைக் குளிர் வேறு. அவர்களுக்குப் பயமும் கூச்சமும் எல்லோரையும் போலத்தான் இருந்தன. வெளியே வர வழிதான் இல்லை.

வெந்நீரில் ஊற வைத்தோம். விளக்கெண்ணெய் தேய்த்தோம், நிலைமை இன்னும் மோசமானது. பாதத்தில் கட்டலாம் என்று பார்த்தால் பட்டை எட்டவில்லை. தேர்வு முடியும்வரை யாரும் காட்டு வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டேன். மறுநாளே பைல் நாட்டுப் பையனின் அப்பா கல்லூரி வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், மம்பட்டியப் புடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களாமா?"

"ஆமாங்க, பரீட்சைக்காக..."

"செரிங்க. அப்பக் கெழங்கு புடுங்க நீங்க வாரீங்களா?"

ரோஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குண்டனி நாட்டுப் பெண் பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள். "வேண்டாங்க சார்! உங்க கையும் காச்சுப்போச்சுன்னா நாங்க எங்கீங்க போவோம்?" என்றாள். கல்லூரியில் காய்ப்பில்லாத கை என்னுடையது ஒன்றுதான் என்பதை வகுப்பு அதற்குள் ஆராய்ந்து முடிவு செய்திருந்தது. அலுவலகத்துப் பணியாளர்கள்கூட வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போகிறவர்கள். சோதனை செய்பவர்தான் மாணவராக இருக்க வேண்டும், உட்படுபவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்பதையும் விதியில் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அன்றிலிருந்து என் கைகளுக்கு வந்த வாழ்வு! சோளக்காட்டில் பழம் வாங்கினால் பையைத் தூக்க ஒருவன் ஓடி வருவான். கரும்பலகையைத் துடைக்க விட மாட்டார்கள். நான் துணி துவைப்பதைப் பார்த்துவிட்டு வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனான் பைல் நாட்டுப் பையன். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்க மாட்டார்கள். இதை மனைவியிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டு, மாறுதலுக்கு இந்த வருஷம் மனுப் போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். உண்மைதான்.

தேர்வு நாளும் வந்தது. எக்ஸ்டர்னல் அம்மையார் சமவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தார். வளைவுகள் அவரைக் கசக்கிப் பிழிந்திருந்தன. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்தபடியே உள்ளே வந்தார். பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த உள்ளங்கையைத்தான் ஆசையோடு பார்த்தார்கள். "என்னை விட்டுருங்க" என்றார் அவர் முதலிலேயே.

நான் உட்கார்ந்தேன். முதல் மாணவன் பலூனை உடைத்தான். கோடு அழகாக ஏறியது. பாஸ். அடுத்தவளும் பலூன், கோடு கொஞ்சம் குறைவாக ஏறியது, அவளும் பாஸ். மூன்றாவது பலூனுக்குக் கோடு லேசாக நெளிந்ததோடு சரி. ஒரே அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்தால் மனம் பழகிவிடும் என்பது நானே கத்திக் கத்தி நடத்திய பாடம். பிள்ளைகள் அதை மறக்கவில்லை. அதன் பிறகு அவர்கள் பலூனைத் தொடவில்லை, என்னைத் தொட்டார்கள். ஒருத்தி சீசாவில் அட்டைப்பூச்சி கொண்டுவந்திருந்தாள், கோடு எகிறியது. ஒருவன் என்னை ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான், எக்ஸ்டர்னல் எதிரிலேயே தப்பாகக் கழித்தேன். பைல் நாட்டுப் பையன், "எங்கக்கா கல்யாணத்துக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு ஏன் சார் வரல?" என்று கேட்டு, முழு மதிப்பெண் வாங்கினான்.

வரிசையில் கடைசி ஆள் குண்டனி நாட்டுப் பெண். அவளுக்கு பி.எட். படிக்க இடம் உறுதியாகியிருந்தது. இதில் அரியர் விழுந்தால் அது போய்விடும். அதற்குள் நான் ஊறப்போட்ட துணியாகக் கிடந்தேன். அட்டை வந்தது, கோடு படுத்திருந்தது. என் மனைவியின் போன் ஒலியை வைத்துப் பார்த்தாள், அதுவும் பயனில்லை. எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸை நினைத்து அவர் முகம் முன்கூட்டியே வெளிறியது. என்னால் வேண்டுமென்று திடுக்கிட முடியவில்லை. இந்தப் பெண்ணின் படிப்பை என் விரல் கெடுக்கப்போகிறதே என்று தவித்தேன், அந்தத் தவிப்புக்காவது ஏறித் தொலையக் கூடாதா அந்தக் கோடு?

அவள் என் விரலில் பட்டையைச் சரிசெய்தாள். பிறகு சாதாரணமாக, "சார், மறந்தே போயிட்டனுங்க. ஆபீஸ்ல சொல்லச் சொன்னாங்க. உங்களுக்குத் திருச்சிக்கு ஆர்டர் வந்துருச்சுங்களாமா. திங்கக்கெழமையே போய்ச் சேரோணுமாமுங்க" என்றாள்.

வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனவனைப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பரீட்சை என்பதே மறந்துவிட்டது. திரையில் கோடு ஏறி, மேல் விளிம்பைத் தொட்டு, அதற்கு மேல் இடமில்லாமல் நின்றது.

எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல ஏற்றம். சரி, இது சந்தோஷமா, வருத்தமா? எப்படிச் சொல்லுவே?"

"கருவியை வெச்சுச் சொல்ல முடியாதுங்க மேடம். மனசு எவ்வளவு கலங்குச்சுன்னு மட்டுந்தான் காட்டும். எதுக்குன்னு காட்டாதுங்க. அவரைத்தானுங்க கேக்கோணும்."

"அப்போ கேட்டு எழுது."

அவள் என் பக்கம் திரும்பினாள். வகுப்பே திரும்பியது. "சார், சந்தோஷமுங்களா, வருத்தமுங்களா?"

"சந்தோஷம்தான்" என்றேன். "பின்னே? எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்!"

இறங்கி வந்துகொண்டிருந்த கோடு மறுபடியும் சர்ரென்று மேலே போனது.

இது பொய் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, வாயைத் திறந்து பேசினாலே கோடு ஏறும் என்று அவர்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன். அப்போதும் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் ஏறியது. பைல் நாட்டுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் என் விரல்களிலிருந்து பட்டைகளை மெதுவாகக் கழற்றினாள். "சார், ஆர்டர் ஒண்ணும் வரலீங்க. பொய் சொல்லித் தூண்டினா, முடிஞ்ச கையோட உண்மையைச் சொல்லிப்போடோணும்னு நீங்கதானுங்க நடத்துனீங்க. அதானுங்க சொல்றேன்" என்றாள். எனக்கு வந்த நிம்மதியை அளக்க அப்போது விரலில் பட்டை இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு அவள் உட்கார்ந்து முடிவுகளை எழுதி, அச்செடுத்த கோட்டோடு எக்ஸ்டர்னலிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார், என்னை ஒரு பார்வை பார்த்தார், முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "இந்தக் குளிர் உங்களுக்கு ஒத்துக்குதா சார்?" என்று கேட்டார்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் ஏற்றத்துக்குக் கீழே, "மாறுதல் செய்தி. உட்பட்டவர் கூற்று: சந்தோஷம்" என்று இருந்தது. இரண்டாவது ஏற்றத்துக்குக் கீழே, எத்தனையோ வருஷமாக எங்கள் நோட்டுகளில் இருந்து வந்த, நான் ஒழித்துவிட்டேன் என்று முழங்கிய அதே வரியை, குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்: "இங்கே சோதனைக்கு உட்பட்டவர் தும்மினார்."

"ஒத்துக்குது மேடம்" என்றேன்.