இருபத்தொம்பதுல நிக்குமா நிக்காதா

அந்தப் பெரிய மழை பேஞ்சு ரோட்டுல காரெல்லாம் மெதந்துச்சுல்ல, அதுக்கு ஒன்றரை மாசம் முந்தி, பிப்ரவரியில நடந்தது இது. அந்த மழையில எங்க அர்பாப் வண்டி ஒண்ணு கெட்டு முசஃபா கேரேஜுல பதினோரு நாள் கெடந்துச்சு, அது வேற கதை. அர்பாப்புன்னா மொதலாளி. அபுதாபியில அவரு வீட்டுல நான் இருபத்திரெண்டு வருஷமா டிரைவர்.

அவருக்கு வாட்ச்சுன்னா உசுரு. மூணு வாரம் வெளிநாடு போறப்ப எங்கிட்ட ரெண்டு வாட்ச்சக் குடுத்துட்டுப் போனாரு. ரெண்டுலயும் பேட்டரி கெடையாது, முழுக்கப் பல்லுச்சக்கரம். ஒண்ணு தேதி வாட்ச். எந்த மாசத்துக்கு முப்பது, எதுக்கு முப்பத்தொண்ணு, பிப்ரவரிக்கு எந்த வருஷம் ஒரு நாள் கூடங்கிறதெல்லாம் அதுக்கே தெரியுமாம். அத யாராவது கட்டிக்கிட்டு கைய ஆட்டிக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் ஓடும். வீட்டுல வச்சு ஆட்டுற மோட்டார் பொட்டி கருகிப்போச்சு. அதான் எங்கையில கட்டி விட்டு, நின்னா கம்பெனிக்குத்தான் அனுப்பணும், மாசக்கணக்கா ஆகும்னு இந்தியில சொன்னாரு. இன்னொண்ணு மணி வாட்ச். காலையில சாவி குடுக்கணும். ஓரத்துல இருக்கிற விசையத் தள்ளுனா நேரத்த மணி அடிச்சுச் சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தள்ளணும்.

எடது கையில அது, வலது கையில இது. எனக்கு எழுத்து தெரியாது, நம்பர் நல்லாத் தெரியும்.

அதே வீட்டுச் சமையக்கார பாய் ராமநாதபுரம் பக்கம் கடக்கரைக்காரரு, எனக்குச் சமவயசு. மணி வாட்ச்ச ஒரு தடவ கேட்டதும் ஆளு அது பக்கம் சாஞ்சுட்டாரு. மணிக்குக் கனமா ஒரு அடி, கா மணிக்கு எரட்டை அடி, மிச்ச நிமிஷத்துக்கு மெலிசா. எப்பத் தள்ளுனா நெறைய அடிக்கும்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டே கண்டுபிடிச்சாரு. பன்னெண்டு அம்பத்தொம்பது! தெனம் சோறு வடிச்சிட்டு, ஏசிய நிறுத்திட்டு, ரெண்டு பேரும் ஒக்காந்துருவோம். பன்னெண்டு கனமா, மூணு எரட்டை, பதினாலு மெலிசா. ஒடம்பு சிலுத்துப்போவும்.

இருந்தாலும் நான் தேதி வாட்ச் கட்சி. சத்தம் போடுறது பெருசா, நாலு வருஷத்த ஞாவகம் வச்சுக்கிறது பெருசான்னு கேட்டேன்.

"ஒங்க வாட்ச்சு நாலு வருஷத்துக்கு ஒரு நாளுதான் புத்திசாலி, டிரைவரே. நம்ம வாட்ச்சு தெனம் பதில் சொல்லும்."

அந்த ஒரு நாளு அந்த மாசமே வந்துச்சு பாருங்க! இருபத்தெட்டு முடிஞ்சா முள்ளு ஒண்ணாந்தேதிக்குத் தாவிரும்னாரு அவரு. இருபத்தொம்பதுல நிக்கும்னேன் நான். சோறு எறங்கல எனக்கு. நாள எண்ணிக்கிட்டே கெடந்தேன்.

இருபத்தாறாந்தேதி காய்ச்சல் வந்துருச்சு. படுத்தவன் எந்திரிக்கல, கையும் ஆடல. மறுநாள் மத்தியானம் தேதி வாட்ச்சக் காதுல வச்சுப் பாத்தா சத்தம் சோந்துபோயிருக்கு. கழட்டிக் குடுக்கவும் மனசில்ல, அர்பாப் எங்கையில கட்டுனதாச்சே. பாய் வந்து கட்டில் ஓரமா ஒக்காந்து, எங்கையத் தூக்கிப் பிடிச்சு ஆட்ட ஆரம்பிச்சாரு. ஒரு மணி நேரம் ஆட்டுனாரு. போதும் பாய், விடுங்கன்னேன்.

"நின்னுபோன வாட்ச்ச ஜெயிச்சேன்னு நான் ஊருக்குள்ள சொல்லிக்க முடியுமா? பேசாம படுங்க."

காய்ச்சல்லயும் சிரிப்பு வந்துருச்சு.

மறுநாளு பாய் இந்த வீட்டு வேலைய விட்டுக் கெளம்புற நாளு. சவுதியில அல் கோபார்ல, விசா குடுத்த புது கஃபீல் வீட்டுல வேலை. பன்னெண்டு நாப்பதுக்கே வண்டி வந்துருச்சு. நான் போத்திக்கிட்டு கேட்டு வரைக்கும் போயி, அங்கேயே விசையத் தள்ளிக் கேக்க வச்சேன். கொறச்சலாத்தான் அடிச்சுச்சு. வண்டி ஏறும்போதும் தாவிரும் தாவிரும்னுதான் சொல்லிட்டுப் போனாரு.

விடியக்காலம் பாங்கு சத்தத்துல முழிச்சு லைட்டப் போட்டேன். முள்ளு இருபத்தொம்பதுல! தாவல, ஒரு நாள்தான் நகந்திருக்கு. காய்ச்சல் போன எடம் தெரியல. அடுப்படிக்கு ஓடுனா அங்க புது பெங்காலிப் பையன் சப்பாத்தி தேய்க்கிறான். காட்டுனேன், அச்சான்னு சொல்லிட்டுத் தேய்ச்சான்.

பாய்க்குப் போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். பழைய சிம்மத் தூக்கிப் போட்டுட்டாரு போல. அர்பாப் வந்ததும் வாட்ச்ச ஓட ஓட அவரு கையில குடுத்துட்டேன். பாய் நம்பருதான் இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

நீங்க யாராச்சும் அல் கோபார் பக்கம் போனா, ஏதாவது வீட்டுல சமையல் பாக்குற அந்தக் கடக்கரை பாயப் பாத்தா, இருபத்தொம்பதுல நின்னுச்சுன்னு சொல்லிருங்க. அவரு ஆட்டுனதுலதான் ஓடுச்சுன்னும் சொல்லுங்க.