எட்டிய வரைக்கும் துடைத்தவர்

என் அண்ணிக்குப் பல் செய்வது தொழில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு ஒரு மாடி லேபில் உட்கார்ந்து பல் வார்ப்பார். பல் வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது. பக்கத்துப் பல்லில் இருபது வருடத் தேநீர்க் கறை இருந்தால் புதுப் பல்லிலும் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். கறை போடுவதில் தன்னை மிஞ்ச அந்த லேபில் ஆள் இல்லை என்று அண்ணியே கூச்சமில்லாமல் சொல்வார்.

வீட்டில் அதே மெல்லிய தூரிகைகளால் போர் விமானங்களுக்குக் கறை போடுவார். எல்லாம் ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் விமானங்கள். முதலில் அலுமினிய நிறம், அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே, அது காய்ந்ததும் பச்சை. பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் பச்சை செதில் செதிலாகப் பெயர்ந்து உலோகம் பல்லிளிக்கும். சாப்பாட்டு மேசையில் பாதி இதற்கே போய்விடும்.

"இந்த வீட்டுல விமானம் எறங்கின பிறகுதான் மனுஷனுக்குச் சோறு" என்பான் அண்ணன்.

"அப்போ ஓடுபாதையிலேர்ந்து தட்டை எடுங்க" என்பார் அண்ணி.

பல்லின் நிறம் பார்க்க லேபுக்கு வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஜன்னலோரம் அண்ணி வைத்திருந்த விமானத்தைப் பார்த்தார். மறுவாரம் ஒரு புகைப்படத்தோடு வந்தார். போர்க்காலத்துப் படம். அதில் அவருடைய அப்பா ஒரு போர் விமானத்தின் இறக்கையை ஒட்டி, தோளில் துணியோடு நின்றார். அவர் பறந்தவர் அல்ல, தரையில் இருந்து அதைப் பராமரித்த மெக்கானிக். அப்பாவுடையது என்று டீச்சரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு படம்தான்.

"இதைச் செஞ்சு குடும்மா. அவர் கை பட்ட மாதிரி ஒண்ணாவது என் வீட்டுல இருக்கட்டும்."

அதுவரை யாரும் அண்ணியிடம் விமானம் கேட்டதில்லை. மூன்று மாதம் உழைத்தார். போரில் உழன்ற விமானம் எப்படி இருக்கும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. புகைக்குழாய்களுக்குப் பின்னால் கரும்புகை வால், வயிற்றில் எண்ணெய் வழிசல், விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் பெயர்ந்த பச்சை என்று ஒன்றையும் விடவில்லை.

அதைப் பார்க்க டீச்சர் அண்ணி வீட்டுக்கு வந்தார். குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கே. ஆனா இது எங்கப்பா விமானம் இல்லம்மா."

"படத்துல இருக்கற அதே நம்பர்தானே, டீச்சர்?"

"நம்பர் சரி. அவர் இப்படி விட்டிருக்க மாட்டார். வந்து நின்ன உடனே துணியை எடுத்துடுவாராம். பெத்த புள்ளையைக் குளிப்பாட்டினதைவிட அதைக் குளிப்பாட்டினதுதான் ஜாஸ்தின்னு அம்மா திட்டுவாங்க." விமானத்தை அவர் தொடவே இல்லை. "பளபளன்னு ஆக்கிக் குடுத்துடேன்."

"பளபளன்னு ஆக்கினா பொம்மையாயிடும். ரெண்டு வாரம் குடுங்க."

டீச்சர் போன பிறகு அண்ணன், "பேசாம கழுவிக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

"அழுத்தி அழுத்தித் தேய்ச்ச பல்லைப் பாத்திருக்கீங்களா? அழுக்கு இருக்காது. ஆனா ஈறு ஓரம் தேஞ்சிருக்கும், இடுக்குல மட்டும் கறை நிக்கும். தொடைச்சதுக்கும் தடம் உண்டு. நான் அதைத்தான் விட்டுட்டேன்."

படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து, இறக்கைக்கு எவ்வளவு மேலே டீச்சர் அப்பாவின் தலை நிற்கிறது என்று அளந்தார். அதிலிருந்து ஆளின் உயரம், கையைத் தூக்கினால் எட்டும் உயரம் என்று கணக்குப் போட்டு, அதை நாற்பத்தெட்டால் வகுத்தார். அண்ணி செய்யும் விமானங்கள் அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. விடை நாலு சென்டிமீட்டர்.

பஞ்சில் தின்னரைத் தொட்டு, அந்த உயரம் வரை தினம் ஒரு பக்கமாகத் துடைத்தார். புகை வால் போனது. தகடுகள் சேரும் கோடுகளில் மட்டும் கருமை தங்கியது. அடிக்கடி துணி போய் வரும் இறக்கை ஓரங்களில் பச்சையை மெலிய விட்டார். நிமிர்ந்து நிற்கும் வால் துடுப்பில் மட்டும் நாலு சென்டிமீட்டருக்கு மேலே கைவைக்கவில்லை.

டீச்சர் மறுபடி வந்தபோது இறக்கை ஓரத்தை விரலால் தடவினார். விரல் வால் பக்கம் போய் நின்றது.

"எல்லாம் தொடைச்சுட்டு இந்த உச்சியில மட்டும் ஏன் அழுக்கு?"

"அங்க அவருக்குக் கை எட்டாது, டீச்சர்."

டீச்சர் அண்ணியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். அப்புறம்தான் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"குள்ளம்தான்! அம்மாவைவிட ஒரு விரக்கடை கம்மி. ஏணி கேக்க ரோஷம் விட்டிருக்காது."

"எக்கி எக்கித் தொடைச்சிருக்கார். இதோ, துணி இதுவரைக்கும் வந்து நின்னிருக்கு."

"ஆமா," என்றார் டீச்சர். "எங்கப்பாதான்."

அண்ணி பஞ்சு வைத்துப் பெட்டி தயாராக வைத்திருந்தார். டீச்சர் அதை வாங்கவில்லை. விமானத்தை இரண்டு கையிலும் ஏந்தியபடி படி இறங்கினார். வாசலில் நின்ற டாக்சி டிரைவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோதும் கொடுக்காமல், வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார்.

"ஏம்ப்பா, இதைக் கடைசியா எப்பத் தொடைச்சே?"