கிருபாவதி அக்காவின் இடக்கை வைஸ்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கும் எங்கள் பட்டறையின் நிர்வாகம், சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை முக்கியமான முடிவு ஒன்றை எடுத்தது. கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குச் சட்டம் தேக்கில் அமைய வேண்டுமா அலுமினியத்தில் அமைய வேண்டுமா என்ற கேள்வி காலை முழுவதும் ஆராயப்பட்டது. திருப்பதியில் இருந்த முதலாளியிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்கப்பட்டது. இறுதியில் அலுமினியம் என்று தீர்மானமாயிற்று. தேக்கைக் கரையான் அரித்துவிடும் என்று மேலாளர் சொன்னார். தேக்கைக் கரையான் அண்டாது என்று துக்க நாளில் மறுத்துப் பேசுவது மரியாதையாகாது.

இறந்துபோனவர் கிருபாவதி அக்கா. அன்று காலை அவருடைய தம்பி போன் செய்து சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பெட்டிக்குள் வைப்பதற்கு நிர்வாகம் தேர்ந்தெடுத்த பொருள், அவர் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்திய வைஸ். அந்த வைசில் அப்போது வேறொருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அது கூட்டத்தில் பேசப்படவில்லை.

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். குளிர் நாடுகளில் வசதியுள்ளவர்கள் ஓடையில் இறங்கி, முழங்கால் நனைய நின்று மீன் பிடிப்பார்கள். பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அந்த மீனை ஏமாற்றப் பொய்ப் பூச்சி வேண்டும். தூண்டில் முள்ளின் மேல் சேவலின் கழுத்து இறகையும் நூலையும் சுற்றி அந்தப் பூச்சியைச் செய்கிறோம். சேவலுக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. வேலை நடக்கும்போது முள்ளைத் தன் தாடையில் கவ்விப் பிடித்துக்கொள்ளும் சிறிய இடுக்கிக்குத்தான் வைஸ் என்று பெயர். கட்டுகிறவர் நாள் முழுவதும் அதன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அங்கே பெட்டிகளுக்கு முகவரி எழுதுகிறவன். பூச்சிகள் போகிற ஊர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும்.

கிருபாவதி அக்கா சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பட்டறை தொடங்கியபோதே வந்துவிட்டார். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவர். சிறு வயதில் பள்ளி டீச்சர் அவருடைய இடக்கையை ரிப்பனால் பெஞ்சோடு கட்டிவிடுவாராம்.

“அவங்க கட்டுவாங்க. நான் பல்லாலயே அவுத்துக்கினு எழுதுவேன். முடிச்சு போடறது, அவுக்கறது ரெண்டும் அங்கதான் கத்துக்கினேன்” என்பார்.

பட்டறையில் இருந்த வைஸ் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு ஏற்றவை. அக்கா தன்னுடையதைத் திருப்பதியில் ஒரு லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போய், தலையை மறுபக்கமாகத் திருப்பி, நெம்புகோலையும் இடம் மாற்றிக் கொண்டுவந்தார். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் “இன்னாம்மா அது, கறி அரைக்கிற மிஷினா?” என்று கேட்டாராம். அக்கா “ஆமாம்மா, மனுசக் கறி” என்றாராம். அந்த அம்மாள் சித்தூர் வரை போக வேண்டியவர், வழியிலேயே இறங்கிவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். உடனே இடம் ஒதுக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கையை மேசைக்கு மேல் நீட்டச் சொல்வார். கை எந்த உயரத்தில் தானாக வந்து நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் வைசின் தாடை இருக்க வேண்டும். பிறகு குட்டையானது, நெட்டையானது, மேசை விளிம்பில் முடுக்குவது, கனமான தட்டின் மேல் நிற்பது என்று ஒவ்வொன்றிலும் உட்கார வைப்பார். சிறு முள்ளைக் கட்டுகிறவருக்கு மெல்லிய தாடை, பெரிய முள்ளுக்கு அகலத் தாடை. இதற்கே ஒரு வாரம் போகும்.

“ஒரு வாரமா, அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மாப்பிள்ளை பாக்கறதுக்கு ஒரு நாள் போதும்பா. மாப்பிள்ளை கோச்சிக்கினா சமாதானம் பண்ணிக்கலாம். வைசு கோச்சிக்கினா மணிக்கட்டு போச்சி.”

இந்த ஒரு வாரம் முதலாளியின் கண்ணில் பட்டது. நாயுடுபேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒருவரை அழைத்து வந்தார். அவர் அளவு நாடாவோடு வந்து ஒவ்வொரு பெண்ணின் கையையும் அளந்து, கூட்டி, வகுத்து, சராசரி உயரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த உயரத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைஸ் வாங்கப்பட்டு, நீண்ட மேசையில் வரிசையாக, ஒரே திசையைப் பார்க்க, அசைக்க முடியாதபடி போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. பார்க்க அழகாக இருந்தது. சராசரி உயரமுள்ள பெண் மட்டும் இன்னும் வேலைக்குச் சேரவில்லை.

அக்கா கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“சார், எல்லாருக்கும் ஏழாம் நம்பர் செருப்பு வாங்கிக் குடுத்தா போட்டுக்கினு நடப்பாங்களா?”

முதலாளி சிரித்துக்கொண்டே, “செருப்பு அவங்க சொந்தக் காசுல வாங்கறாங்கம்மா. இக்கட அந்தா ஒக்கட்டே உண்டாலி, அவ்வளவுதான்” என்றார். இங்கே எல்லாம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று பொருள். எல்லோருக்கும் புரிந்தது. தெலுங்கு தெரியாதவர்களுக்கும் புரிந்தது.

சில மாதங்களில் எங்கள் கூடத்தில் மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொள்ளாதவர்களே இல்லை என்றாயிற்று. பார்வையாளர்கள் அதைச் சீருடை என்று நினைத்தார்கள். அக்கா தன் பழைய வைசை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குத் தண்டனையாகத்தான் மூலையில் தனி மேசை தரப்பட்டது. நல்ல ஜன்னல் வெளிச்சம் வரும் மூலை என்பதை நிர்வாகம் கவனிக்கவில்லை.

பிறகு வெதுருகுப்பத்திலிருந்து சரோஜா வந்தார். கணவரை இழந்தவர், வீட்டில் அவர் ஒருவருடைய கூலியில்தான் அடுப்பு எரிய வேண்டும். அவரும் இடக்கைக்காரர். போல்ட் போட்ட வைசின் முன்னால் உடம்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்து கட்டுவார். கட்டியதில் பாதி சோதனையில் தேறாமல் திரும்பி வரும்.

“பீச்சாங்கையால கட்டினா மீனு கூட மூஞ்ச திருப்பிக்குமாம்” என்று வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

“உன் சோத்தாங்கை கட்டின பூச்சிய பாத்தேன். மீனு கும்பிடு போட்டுட்டு போவும்” என்றார் அக்கா.

மாதக் கடைசியோடு சரோஜாவை நிறுத்திவிடுவது என்று மேலாளர் முடிவு செய்திருந்தார். அக்கா அன்றே தன் மேசையிலிருந்து எழுந்து, சரோஜாவைக் கண்ணை மூடச் சொல்லி, கையை நீட்டச் சொன்னார். கை அந்தப் பழைய வைசின் தாடைக்கு நேராக வந்து நின்றது.

“பாத்தியா? இது உன் கைய கேட்டுக்கினு இருந்திச்சி. குந்து.”

“நீங்க இன்னா பண்ணுவீங்க அக்கா?”

“எனக்குக் கண்ணு மங்கிப் போச்சி. மத்தவங்க கட்டினதுல குத்தம் சொல்றதுக்கு இந்தக் கண்ணு போதும்.”

அப்படித்தான் அக்கா சோதனைப் பிரிவுக்குப் போனார். கண் மங்கியவர் என்று சொல்லிக்கொண்டவர், கடுகளவு பூச்சியில் ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பினார். சரோஜாவுடையதில் ஒன்றும் திரும்பவில்லை. வேலை போகும் பேச்சும் நின்றது.

அடக்கம் செவ்வாய்க்கிழமை நடந்தது. போதகர் சுருக்கமாக ஜெபித்தார். முதலாளி சுருக்கமாகப் பேசவில்லை. கிருபாவதியம்மாள் கருவிகளை நேசித்தவர், ஒழுங்கை நேசித்தவர், நிறுவனத்தின் சீர்திருத்தங்களுக்குத் தோள் கொடுத்தவர் என்றார். அக்கா ஞாயிறுதோறும் பாடிய பாடகர் குழுவில் அவருடைய இடம் காலியாக இருந்தது. அங்கே யாரும் யாரையும் நகர்த்தி நிற்கச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை மேலாளர் ஸ்பேனரோடு மூலை மேசைக்கு வந்தார்.

“சரோஜா, கொஞ்சம் எழுந்துக்கோம்மா.”

“நான் எதுல கட்டறது சார்?”

“வரிசையில ஒண்ணு காலியா கீதே.”

“அது எனக்கு வராது சார். உங்களுக்கே தெரியும். நீங்கதான நிறுத்தறேன்னு சொல்லிக்கினு இருந்தீங்க.”

“அக்காவுக்கு மரியாதை பண்ண வேணாமா?”

சரோஜா எழுந்துகொண்டார். தாடையில் பாதி கட்டிய பூச்சி ஒன்று இருந்தது. அதை எடுக்கப் போனவரை மேலாளர் தடுத்தார்.

“இருக்கட்டும், போட்டோவுக்கு நல்லா இருக்கும்.”

இப்போது வரவேற்பறையில் அந்தப் பெட்டி இருக்கிறது. மாலை பிளாஸ்டிக், வாடாது. வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்த்தார். வைஸ் ஏதோ திரும்பியிருக்கிறதே என்றார். உடனே பெட்டியைத் திறந்து, மற்ற எல்லா வைசும் பார்க்கிற திசையில் திருப்பி வைத்தார்கள். கீழே பித்தளைத் தகட்டில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இப்படிப் பொறித்திருக்கிறது: ‘கிருபாவதியம்மாள் தம் கையால் கடைசியாகக் கட்டிய பூச்சி.’

அக்கா, நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள். உங்கள் வைஸ் பத்திரமாக இருக்கிறது. தினமும் துடைக்கிறார்கள்.

சரோஜா மாதக் கடைசியோடு நிறுத்தப்பட்டார். வெதுருகுப்பத்தில் இப்போது வேர்க்கடலை பிடுங்குகிறார்கள், அதற்குப் போகிறார்.