புரட்டாசியில் வந்த தடிப்பு

விண்ணப்பப் பாரம் நிரப்புவது அந்த வீட்டில் ராஜனின் வேலை. வங்கியோ, பள்ளிக்கூடமோ, எங்கிருந்து காகிதம் வந்தாலும் அவர்தான் பேனாவைத் திறப்பார். லோரியைச் சந்துக்குள் பின்னால் எடுக்கிற கவனத்தோடு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுவார். கேள்விகளை உரக்கப் படிப்பதும் அவர் வழக்கம். கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவுக்கு வெளியே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் பாரத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மனைவி தங்கமணியிடம் அதையே செய்தார்.

"அலர்ஜி ஏதாச்சும் இருக்கா? மருந்து, சாப்பாடு?"

"இல்ல."

"ஆஸ்துமா?"

"என்னங்க நீங்க, முப்பது வருஷமா கூடவே இருக்கீங்க. இல்லன்னு போடுங்க."

"கேக்குறதுதான் முறை. முன்ன எப்பவாச்சும் இந்த கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்து, அதனால உடம்புக்கு ஏதும் ஆச்சா?"

"ஆறு வருஷத்துக்கு முன்ன ஒரு தடவ எடுத்தேன்ல. ஒண்ணும் ஆகல."

ராஜன் 'இல்லை' என்று இருந்த கட்டத்தில் கோடு போட்டார். தங்கமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குத் தன்னிடம் வேறு பதில் இருப்பதாக அவளுக்கு அப்போது தெரியாது.

மூன்று மாதத்தில் ஏழு கிலோ இறங்கியிருந்தாள். வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்து தங்கிவிட்டது. வயிற்றில் ஜெல் தடவி எடுத்த முதல் ஸ்கேனில் ஈரல்மேல் ஒரு நிழல் தெரிகிறது என்றார் டாக்டர். என்ன நிழல் என்று கேட்டதற்கு, கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்றார். தேதி கிடைக்க நாலு வாரம். அந்த நாலு வாரமும் 'நிழல்' என்ற சொல்லோடுதான் எழுந்தாள், அதோடுதான் படுத்தாள். வலிக்குப் பெயர் இல்லாதவரை அதை எவ்வளவு பெரிதாகவும் நினைத்துக்கொள்ளலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

தங்கமணி எளிதில் பயப்படுகிறவள் அல்ல. பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வந்து, துறைமுகக் கிடங்கு ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். கொள்கலனிலிருந்து இறங்குகிற பெட்டிகளில் நசுங்கியது, நனைந்தது, கிழிந்தது எது என்று பார்த்துக் குறிப்பது அவள் பொறுப்பு. சேதத்தை இறக்கும்போதே எழுத வேண்டும், மறைத்து உள்ளே அனுப்பினால் பின்னால் யார் தலையிலாவது விடியும் என்று புதிதாக வருகிறவர்களிடம் கத்துவாள். பார்க்காததுபோல் பெட்டியை நகர்த்திய ஓட்டுநர்களை அவள் விட்டதே இல்லை. "தங்கமணி அக்கா கண்ணுல பட்டா எறும்பு கடிச்ச பெட்டியும் தப்பாது" என்பார்கள்.

அப்படிப்பட்டவளிடமும் எழுதாமல் உள்ளே அனுப்பிய ஒரு சேதம் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஷா ஆலம் சாலையில் ராஜனின் லோரி கவிழ்ந்தது. கதவை வெட்டி அவரை எடுத்தார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளில் தங்கமணி பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள்: பிழைத்து வந்தால் ஆயுசுக்கும் புரட்டாசி மாதம் முழுக்க இருவரும் கவுச்சி தொடமாட்டோம். அவர் பிழைத்தார். தனக்காக வேறொருவர் வைத்த வேண்டுதலை ராஜன் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஜோகூர் வரை லோரி ஓட்டினாலும் தயிர்ச்சோற்று டப்பாவோடுதான் போவார்.

மூன்று வருடம் கழித்து ஒரு புரட்டாசியில் தங்கமணிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்தது. கம்பெனி செலவில் ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். அன்றைக்கு ராஜன் வெளியூரில். முந்தின இரவிலிருந்து அவள் பட்டினி. பெரிதாக ஒன்றுமில்லை, கிருமித் தொற்று என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தால் வாசலில் ஒரு வேன், வேனில் ஒரு மலாய்க்காரர், அவர் சட்டியில் கொதிக்கும் மீ ஊடாங், இறால் போட்ட நூடுல்ஸ். மறந்துபோய்ச் சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது. தெரிந்தேதான் சாப்பிட்டாள். இறாலை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, கடைசியில் அதையும் எடுத்துத் தின்றாள்.

பஸ்ஸில் ஏறிய கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது. பிறகு கழுத்து. தடிப்புகள் காசு காசாக எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்தன. உதடு வீங்கி, மூச்சு விசில் அடித்தது. பாதி வழியில் இறங்கி ஒரு கிளினிக்குக்கு ஓடினாள். என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார். இறால் என்றாள். எங்கிருந்து வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஊசி போட்டு இரண்டு மணி நேரம் படுக்கவைத்தார். வீட்டுக்கு வந்த ராஜனிடம், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாள்.

அடுத்து வந்த தீபாவளிக்கு நாத்தனார் வீட்டு இறால் சம்பலை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. முழுதாகச் சாப்பிட்டாள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. இறால் விஷமில்லை, புரட்டாசியில் தின்றதுதான் விஷம். பெருமாள் ஒரு தட்டு தட்டி எச்சரித்துவிட்டார். அடுத்த தட்டு ராஜன்மேல் விழுந்தால்? ஆறு வருடமாக அவர் லோரி சாவியை எடுக்கும் ஒவ்வொரு காலையும் அவள் பெருமாள் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கைப்பையை ராஜனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அறை குளிர்ந்தது. நடுவில் வெள்ளை வளையமாக இயந்திரம் நின்றது. ஸ்கேன் எடுக்கும் பெண், சிந்துஜா என்று மார்பில் பெயர் குத்தியிருந்தவள், முழங்கை மடிப்பில் ஊசிக்குழாயைச் செருகினாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவளாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்தாள்.

"பயமா ஆன்டி?"

"எங்க வேலை எடத்துல மாரியாயின்னு ஒருத்தி, அந்தச் சாயம் உள்ள போச்சுன்னா கிட்னி அவுட்லான்னு சொல்லிட்டா மிஸ்ஸி."

"அவங்க எடுத்திருக்காங்களா?"

"இல்ல. அவ எல்லாத்துக்கும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவா."

சிந்துஜா சிரித்தாள். "சாயம்னு பேருதான். பாருங்க, தண்ணி மாதிரி இருக்கு. கிட்னி சுமாரா இருக்கறவங்களுக்குக் கவனமா இருக்கணும், உண்மைதான். அதுக்குத்தான் முன்கூட்டியே ரத்தம் எடுத்துப் பார்த்தோம். உங்களுக்கு நல்லா இருக்கு. மருந்து போறப்ப உடம்பெல்லாம் குப்புன்னு சூடாகும். வாயில இரும்பு ருசி வரும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரிகூடத் தோணும், போயிருக்க மாட்டீங்க. அதெல்லாம் சாதாரணம், ஒரு நிமிஷத்துல போயிடும். ஆனா அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சு விட கஷ்டம், இதுல எது வந்தாலும் இந்த ரப்பர் பந்தை அமுக்கிடுங்க. கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல, அமுக்குங்க."

பந்தை அவள் கையில் வைத்துவிட்டு, சிந்துஜா கண்ணாடிக்கு அந்தப்புறம் போகத் திரும்பினாள்.

அரிப்பு, தடிப்பு, தொண்டை, மூச்சு. தங்கமணி மல்லாந்து படுத்தபடி அந்த நாலு சொல்லையும் மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அதே வரிசை. பஸ்ஸில் அவளுக்கு வந்த அதே வரிசை. இதை எப்படி இந்தப் பெண் சொல்கிறாள்? படுத்திருந்த மேசை மெல்ல வளையத்துக்குள் நகர்ந்தது. வாயைத் திறந்தால் ஸ்கேனை நிறுத்துவார்கள், வெளியே இருக்கிற மனுஷன் ஏன் என்று கேட்பார். நிறுத்தினால் இன்னொரு நாலு வாரம் அந்த நிழல் உள்ளே வளரும். திறக்காவிட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை. இரண்டு பயங்கள் ஒன்றாக வந்தால் மனம் பெரியதை விட்டுவிட்டுப் பழகியதோடுதான் ஒட்டிக்கொள்கிறது. அவளும் ராஜனின் முகத்தைத்தான் நினைத்தாள், தன் மூச்சை அல்ல. அப்படியே மூன்று நொடி போயிருக்கும்.

பிறகு பந்தை அமுக்கினாள்.

சிந்துஜா ஓடி வந்தாள். "ஆன்டி? இன்னும் மருந்தே போடலயே!"

"மிஸ்ஸி, நிறுத்துங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பாவமன்னிப்பு கேட்பதுபோல் சொன்னாள். வேண்டுதல், வேன், மீ, பஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சிந்துஜா சிரிக்கவில்லை.

"ஸ்கேன் முடிஞ்சு எவ்வளவு நேரத்துல வந்திச்சு?"

"அரை மணி, முக்கா மணி இருக்கும்."

"அதுக்கப்புறம் இறால் சாப்பிட்டீங்களா?"

"எத்தனையோ தடவ. ஒண்ணும் ஆகல. அது புரட்டாசி இல்லையே."

"அப்ப இறால் இல்ல ஆன்டி. அன்னைக்கு வேற என்ன உங்க உடம்புக்குள்ள போச்சு?"

தங்கமணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலையைத் திருப்பி, தண்ணீர்போல் நின்ற அந்த மருந்தைப் பார்த்தாள். பெருமாள்தான் தண்டித்தார் என்பதற்கு ஆறு வருடம் அவள் வைத்திருந்த அதே சாட்சியை, இந்தப் பெண் எடுத்து வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நிம்மதி வரவில்லை. இன்னும் கொஞ்சம் வாயை மூடியிருந்தால் அந்த மருந்து உள்ளே போயிருக்கும்.

ஸ்கேன் பிரிவின் சீன டாக்டரம்மா வந்து விவரம் கேட்டார், அவர் சொன்னதைச் சிந்துஜா தமிழில் சொன்னாள். "இறால் ஒத்துக்காதவங்களுக்கு இந்த மருந்தும் ஒத்துக்காதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. ரெண்டுக்கும் அப்படிச் சம்பந்தம் இல்ல. ஆனா இதே வகை மருந்து முன்ன ஒரு தடவ தடிப்பு கொடுத்திருந்தா, அதை எங்களுக்குச் சொல்லியே ஆகணும். நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. முன்னாடியே மாத்திரை ரெண்டு வேளை. மருந்தையும் வேற ஒண்ணா மாத்துறாங்க."

"அப்ப வராதா மிஸ்ஸி?"

சிந்துஜா கொஞ்சம் யோசித்தாள். "வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன் ஆன்டி. வர்ற வாய்ப்பு குறையும். வந்தா நாங்க பக்கத்துலயே இருப்போம். டாக்டர் இந்த நிழலைப் பார்த்தே ஆகணும்னு சொல்றாங்க."

வெளியே ராஜன் எழுந்து நின்றார். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"எடுக்கல. நாளைக்கு."

"ஏன்? மெஷின் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"மெஷின் இல்ல. நான்தான்." எட்டுப் பேரும் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னாள். கார்வரை நடந்து போவதற்குள் தைரியம் போய்விடும் என்று பயந்தாள்.

ராஜன் காருக்குள் உட்கார்ந்து, சாவியைப் போட்டும் திருப்பாமல் இருந்தார்.

"எந்தக் கடை?"

"வாசல்ல வேன் போட்டிருந்தான்."

"நல்லா இருந்திச்சா?"

"என்னங்க..."

"கேக்குறேன். நான் அன்னைக்கு மூவார்ல தயிர்ச்சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். புளிச்சுப் போச்சு, அப்பவும் தின்னேன்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோவம் அதுக்கில்ல தங்கம். மூச்சு முட்டி எங்கயோ ஒரு கிளினிக்ல கெடந்திருக்க. எனக்குத் தெரியாது. இன்னைக்கு நான்தான் அந்தப் பாரத்துல 'இல்ல'ன்னு கோடு போட்டேன். என் கையால."

கார் கிளம்பியது.

மறுநாள் ராஜன் புதுப் பாரம் வாங்கி, அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று போட்டார். இந்த முறை உரக்கப் படிக்கவில்லை, ஒவ்வொரு கேள்வியையும் அவளிடம் காட்டிவிட்டு எழுதினார். இரவு பதினொன்றுக்கும் காலை ஒன்பதுக்கும் மாத்திரைகளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தார்.

மேசைமேல் படுத்தபோது, நேற்றைவிட அதிகமாகப் பயந்தாள். நேற்று தெரியாமல் படுத்திருந்தாள், இன்று தெரிந்து படுத்திருக்கிறாள். தள்ளுவண்டி ஒன்றைச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதில் இருப்பது எதற்கு என்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை. டாக்டரம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். மருந்து ஏறியது. சூடு தொண்டையில் தொடங்கி நெஞ்சு, வயிறு, தொடை என்று இறங்கியது. வாயில் பழைய ஆணியை வைத்ததுபோல் ருசி. மூச்சைப் பிடி என்றது இயந்திரத்தின் குரல். பிடித்தாள். விடு என்றது. விட முடிந்தது. அதை மட்டும் கவனித்தாள், மூச்சு வெளியே போகிறது, உள்ளே வருகிறது.

முடிந்ததும் கையிலிருந்த ஊசிக்குழாயை எடுக்காமலே வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் இருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வீட்டுக்குப் போன பிறகும் தடிப்பு வந்தால் உடனே வர வேண்டும் என்றாள் சிந்துஜா. ஈரலில் இருப்பது என்ன என்று வியாழக்கிழமை சொல்வார்களாம். வியாழனை நினைக்க அவளுக்கு இப்போது இடமில்லை. முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கொசுக்கடி ஒன்றை மூன்று முறை தடவிப் பார்த்தாள். பக்கத்தில் ராஜனும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்தாவது நிமிடம் இடது காதுக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. விரல் வைத்தாள். கடுகளவு மேடு. வியர்வையாக இருக்கலாம். துப்பட்டா உரசியிருக்கலாம். நினைப்பாகக்கூட இருக்கலாம்.

"மிஸ்ஸி!" என்று கத்தினாள். நடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "மிஸ்ஸி, இங்க அரிக்குது!"

உள்ளேயிருந்து சிந்துஜாவும், அவளுக்குப் பின்னால் டாக்டரம்மாவும் விரைந்து வந்தார்கள். காதோரத்தில் இரண்டு தடிப்பு, அவ்வளவுதான். உதட்டைப் பார்த்தார்கள், நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார்கள், கையிலிருந்த குழாய் வழியாகவே ஊசி போட்டார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள்.

"நல்ல வேளை, உடனே கூப்பிட்டீங்க" என்றாள் சிந்துஜா.

தங்கமணி தலையை ஆட்டிவிட்டு, காதோரத்தை மறுபடி விரலால் தடவிப் பார்த்தாள்.